மாப்பிள்ளைக்கு வைத்த பழம்

எல் ஹிகெரோன்
6 நவம்பர் 1988

அன்புள்ள தம்பி பெலிசாரியோவுக்கு,

நீ ஊரைவிட்டுப் போய் நாலு மாதம் ஆகப்போகிறது. விலாசம்கூடக் கொடுக்காமல் போனாய். உன் பெண்டாட்டி ரோசௌரா நம் கடைக்கார ஹசிந்தோவுக்கு ஏதோ எழுதியிருந்தாளாம். அந்த உறையைக் காட்டச் சொல்லி மூன்று நாள் அவனிடம் கெஞ்சினேன். "ஏன், ஒங்க தம்பி ஒங்களுக்கு எழுதுறதில்லையா?" என்று கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டான். "எழுதினான், மழையில நனைஞ்சு போச்சு" என்று சொல்லிவைத்தேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. உன் வீட்டுக் கூரையில் இரண்டு தகரம் தூக்கிக்கொண்டது. ஆள்வைத்து ஆணி அடித்துவிட்டேன். உன் சௌசௌ பந்தல் சாய்ந்துவிட்டது. நீ இருந்திருந்தால் 'ஒன் விருந்தாளிங்கதான் ஏறி மிதிச்சிருக்கும்' என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தியிருப்பாய். அவர்கள் இல்லை, காற்றுதான். சரி, பாதி காற்று, பாதி காட்டுக்கோழிகள்.

விருந்தாளிகள் எல்லோரும் வருகிறார்கள். வடக்கே பனிக்குத் தப்பிவரும் மஞ்சள் குருவிகள் போன வாரம் இறங்கின. வந்த அன்றே என் பலகையில் வைத்த பழத்துக்குள் தலையை விட்டுக்கொண்டன. கடிகார வால்காரன், அந்த நீலப் பறவை, கொய்யாக் கிளையில் உட்கார்ந்து வாலைப் பெண்டுலம்போல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுகிறான். நம் பிசோத்தே மாப்பிள்ளையும் தவறுவதில்லை. கோயில் மணி அடித்ததும் அந்த நீள மூக்கும் வளையம் போட்ட வாலும் வேலியோரம் தெரியும். வாலைக் கொடிக்கம்பம்போல நிமிர்த்திக்கொண்டு நேராக என் கைக்குத்தான் வருவான். பெண் இல்லாத வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை என்று நீதானே பெயர் வைத்தாய்? தின்ன மட்டும் வருகிறான், தின்றதும் சொல்லிக்கொள்ளாமல் போகிறான் என்று.

யமிலெத்தின் கை எப்படி இருக்கிறது? பிள்ளைகள் என்றால் விளையாட்டுத்தனம் இருக்கத்தான் செய்யும். அவள் மாப்பிள்ளையின் வாலைப் பிடித்து இழுத்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல். ஒன்பது வயதில் என்ன தெரியும்.

இரண்டு வரியாவது எழுது.

அக்கா,
எத்தெல்வினா

*

லிமோன்
27 நவம்பர் 1988

எத்தெல்வினா அக்காவுக்கு,

மனதில் வைத்துக்கொள்ளாததற்கு நன்றி.

கேட்டதற்குப் பதில். வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. நரம்பு அறுந்தது அறுந்ததுதான் என்கிறார் இங்குள்ள டாக்டர். இடது கையால் எழுதப் பழகுகிறாள். எழுத்து கோணலாக வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள். வயிற்றில் ஊசி போட்ட இடங்களில் தழும்பு போய்விட்டது.

இங்கே எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு பப்பாளி மரம் இருக்கிறது. ஏதாவது குருவி வந்து உட்கார்ந்தால் என் மகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். நீங்கள் உங்கள் விருந்தாளிகளைப் பற்றி எழுதியதை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

தப்புச் செய்தாள், அடி வாங்கினாள், அது முடிந்தது. முடியாதது வேறு. மறுநாள் நான் துப்பாக்கியோடு வந்தபோது எனக்கும் அந்தப் பிசோத்தேக்கும் நடுவில் நீங்கள் துடைப்பத்தோடு நின்றீர்கள். "ஒன் மக சீண்டினா அது என்னடா பண்ணும்?" என்றீர்கள். அவள் கைக்கட்டில் ரத்தம்கூடக் காயவில்லை. கூடப்பிறந்தவனைவிடக் காட்டு மிருகம் உங்களுக்குப் பெரிதாகிவிட்டது. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அதைத் தினமும் பார்க்க முடியாது என்றுதான் கிளம்பினேன்.

தகரத்துக்கு ஆணி அடித்ததற்கு நன்றி. இனிமேல் என் வீட்டை ஹசிந்தோ பார்த்துக்கொள்வான்.

பெலிசாரியோ

*

எல் ஹிகெரோன்
8 ஜனவரி 1989

தம்பி,

'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். அம்மா செத்த அன்றுகூட நீ 'ஏய் எத்தெல்வி' என்று கூப்பிட்டுத்தான் அழுதாய். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொள்.

உறைக்குள் ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். முதலில் படி, பிறகு பார். ஆனால் உன்னை எனக்குத் தெரியும், ஏற்கெனவே பார்த்திருப்பாய்.

ஜூலையில் தலைநகரிலிருந்து ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்தாளே, 'காடே வந்து விருந்துண்ணும் தோட்டம்' என்று எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு. அவள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அனுப்பிய படம் இது. கூட ஒரு சீட்டு: 'குழந்தை நலமா? இதைப் பத்திரிகையில் போட எனக்கு மனம் வரவில்லை. உங்களிடமே இருக்கட்டும்.' அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று அவளோடு நாலு பேர் வந்திருந்தார்கள். புதுமுகங்களைக் கண்டு மாப்பிள்ளை வேலியைவிட்டு நகரவில்லை. நான் பழத்தைக் காட்டினேன், சீட்டி அடித்தேன், பாட்டுக்கூடப் பாடினேன். "கையில வாங்கித் தின்னும்னு சொன்னீங்களே?" என்று அவள் சிரித்தாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் சிரித்தாள். எனக்கு மானம் போகிறதுபோல இருந்தது. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் முப்பது வருஷம் பீன்ஸ் கிண்டியவளைத் தேடி அதுவரை யாரும் காரில் வந்ததில்லை. யமிலெத்தைக் கூப்பிட்டேன். அவளிடம் அவன் சீக்கிரம் வருவான்.

"பழத்த உள்ளங்கையில வெச்சு மூடிக்கடி. அவன் வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுப்பான். படத்துக்கு நல்லாருக்கும்."

"வேணாம் அத்தை. மூடி வெச்சா அவனுக்குக் கோவம் வரும். இன்னைக்கு ஒரு மாதிரி மூக்கை உறிஞ்சுறான், பாருங்க."

"பயந்தாங்கொள்ளி! அப்படியே ஒங்கப்பன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்படியும் அவள் கையை இழுத்துக்கொண்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் நீட்டினேன். கேமரா பளிச்சென்றது. அவன் கடித்தான். நான் பிடித்திருந்ததால் அவளால் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது படத்தைப் பார். நரைத்த ரோமத்தோடு அவன் பின்னங்காலில் எழும்பி அவள் கையை எட்டுகிறான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள். மணிக்கட்டில் இருக்கும் கை என்னுடையது. அம்மாவின் மோதிரம் தெரிகிறது.

அவர்கள் எங்களைக் காரில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, மழையில் மலைப்பாதை சரிவதற்குள் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். டாக்டர் கேட்டார்: "தானா வந்து கடிச்சுதா, சீண்டினதால கடிச்சுதா? தானா கடிச்சிருந்தா அதக் கொன்னு தலைய சோதனைக்கு அனுப்பணும்." எனக்கு அவன் தலை கண்ணில் நின்றது. உண்மையைச் சொன்னால் ஊர் என்னை என்ன சொல்லும் என்பதும் கூடவே நின்றது. எது முதலில் வந்தது என்று இத்தனை நாளும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். "சீண்டினா. வாலப் பிடிச்சு இழுத்தா" என்றேன்.

அன்று சாயங்காலம் நீ பெல்ட்டைக் கழற்றியபோது நான் உன் வீட்டு அடுப்பங்கரையில்தான் இருந்தேன். "நான் செய்யலப்பா" என்று அவள் ஒரு தடவை சொன்னாள். பிறகு சொல்லவில்லை. நான் துணிப்பையில் காபி வடிகட்டிக்கொண்டிருந்தேன். வடிகட்டி முடித்து, கோப்பையில் ஊற்றி, உனக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். நீ குடித்தாய்.

இந்தப் படம் மூன்று வாரம் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. இரண்டு தடவை அடுப்பருகே கொண்டுபோனேன். மூலைகூடக் கருகியிருக்கிறது, பார்.

மன்னிப்பு என்று எழுதக் கை வரவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

எத்தெல்வினா

*

லிமோன்
2 பிப்ரவரி 1989

அக்கா,

கடிதம் வேலை செய்கிற இடத்துக்கு வந்தது. வாழைத்தார் சீப்பு அறுத்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். மேஸ்திரி வந்து "ஒடம்பு சரியில்லையா?" என்றான். ஆமாம் என்றேன்.

உன்னையும் உன் பழப்பலகையையும் சேர்த்துக் கொளுத்த வேண்டும் என்று இருந்தது. நேராகப் பஸ் நிலையத்துக்குப் போனேன். மலைக்குப் போகிற பஸ் வர ஒரு மணி நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. பெல்ட் என் இடுப்பில் இருக்கிறது, உன் இடுப்பில் இல்லை. கட்டுப்போட்ட கையோடு நின்ற பிள்ளையை அடித்தது யார்? பொய் சொன்னது நீ. என்ன நடந்தது என்று அவளை ஒரு வார்த்தை கேட்காதவன் நான். பஸ் வந்தது, போனது. நான் வீட்டுக்கு நடந்தேன்.

ரோசௌரா படத்தைப் பார்த்தாள். மூன்றாம் நாள், "நான் அன்னைக்குத் தடுத்திருக்கணும்" என்றாள். ஆக மூன்று பேர்.

யமிலெத்திடம் கேட்டேன். அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அன்னைக்கே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேப்பா. ஒரு தடவ."

"மறுபடி சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தை பெரியவங்க. நீங்க யார் சொல்றத நம்புவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சொல்லிவிட்டு வாய் கொப்பளித்தாள். நான் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். "சரிப்பா, பரவால்ல" என்றாள். அந்தப் 'பரவால்ல' என்னைத் தூங்கவிடவில்லை. அழுதிருந்தால், அந்தக் கையால் என்னை நாலு அடி அடித்திருந்தால், தேவலை.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ஒன்றே ஒன்று கேட்டாள். அதை அப்படியே எழுதுகிறேன்: "ஆஸ்பத்திரியில டாக்டர் கேக்கும்போது நான் அத்தையையே பாத்துட்டு இருந்தேன். அத்தை ஏன் என்னப் பாக்கல?"

நீயே பதில் எழுது. அழகாக எழுதாதே. உனக்கு அழகாக எழுத வரும், எனக்குத் தெரியும்.

பெலிசாரியோ

*

எல் ஹிகெரோன்
19 பிப்ரவரி 1989

தம்பி,

முதலில் அவளுக்கு. இதை மட்டும் படித்துக் காட்டு.

யமிலெத், நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். உன்னைப் பார்த்தால் என்னால் பொய் சொல்ல முடியாது என்றுதான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அதாவது அது பொய் என்றும், அதனால் உனக்கு என்ன வரும் என்றும் தெரிந்தேதான் சொன்னேன். தவறி வாயில் வந்துவிடவில்லை. நீ அவன் வாலைத் தொடவே இல்லை. நீ வேண்டாம் என்றாய், நான் பிடித்துக் கொடுத்தேன்.

அவ்வளவுதான் அவளுக்கு. மீதி உனக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது சொன்னேன். படியில் ஏறி நின்று சொல்லவேண்டும் என்று நினைத்துப் போனேன். கீழேயே நின்று சொன்னேன். பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. "என்ன, என்ன சொல்றாங்க?" என்றார்கள். மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

பிள்ளையை இந்த ஊரே 'வால்பிடுங்கி' என்று கேலி செய்தது, ஞாபகம் இருக்கிறதா? ஹசிந்தோதான் அந்தப் பெயரைக் கட்டியவன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க வாயாலயும் பொய் சொல்ல வெச்சுட்டீங்களே, எத்தெல்வினாம்மா" என்றான். அவன் பெண்டாட்டி தன் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு அந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டுவார்கள் என்று நம்பிப் போயிருந்தேன். ஆஸ்பத்திரிக்கும் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் பழைய சீட்டைத் தேடி எடுத்து, நான் பார்க்க, அந்த ஒரு வரியை அடித்துத் திருத்தினார்.

பலகையைப் பிடுங்கிவிட்டேன். பழம் வைப்பதில்லை. குருவிகள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுக் காட்டு அத்திக்குப் போய்விட்டன, அவற்றுக்கு ஒன்றும் குறைவில்லை. மாப்பிள்ளைதான் புரிந்துகொள்ளவில்லை. மணி அடித்ததும் வந்து கதவைப் பிறாண்டினான். தண்ணீர் ஊற்றினேன், குலுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். கல் எறிந்தேன். முதல் நாள் படாமல் எறிந்தேன். மறுநாள் படும்படி எறிந்தேன். விலாவில் பட்டது. ஓடவில்லை. மூக்கைத் தூக்கி என் கையை முகர்ந்து பார்த்தான், கல்லும் ஏதாவது தின்பண்டமோ என்று.

பிறகு வருவது நின்றது. பயம் வந்துவிட்டது, பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். மலைக்கு மேலே காபிப்பழம் பறிக்க வந்திருந்த வெளியூர்க்காரர்களிடம் போயிருக்கிறான். ஒருவன் கையில் ரொட்டியோடு உட்கார்ந்திருந்தானாம். இவன் வாலை நிமிர்த்திக்கொண்டு நேராக அந்தக் கைக்குப் போயிருக்கிறான். அந்த ஆள் பயந்துபோய் வெட்டுக்கத்தியால் ஒரே போடு. அவனை நான் என்ன சொல்ல? பிள்ளையைக் கடித்த மிருகம் என்று அவனுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாக்கில் கட்டிக் கொண்டுவந்து உன் சௌசௌ பந்தலுக்கு அப்பால் புதைத்தேன்.

கையிலிருந்து தின்னக் கற்றுக்கொடுத்ததை அன்பு என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் வந்து பார்க்க எனக்கு ஒரு காட்சி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதற்கு அவன் உயிரைக் கொடுத்தான், அவள் கையைக் கொடுத்தாள்.

இதுவும் அழகாக வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்திக்கொள்கிறேன்.

எத்தெல்வினா

*

லிமோன்
2 ஏப்ரல் 1989

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். பரிசுத்த வாரத்துக்கு ஊருக்கு வரலாமா என்று கேட்டது அவள்தான் என்பதை உன்னிடம் அங்கே சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன் பதிலைப் படித்துக் காட்டிய பிறகு பத்து நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு ஒருநாள், "போலாம்ப்பா. ஆனா அத்தை என்னக் கட்டிப்பிடிக்கக் கூடாது" என்றாள். நீ கட்டிப்பிடிக்க வரவில்லை. கொல்லைப்புறக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாய். அது எப்படி உனக்குத் தெரிந்தது என்று ரோசௌரா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மூன்று நாளும் அவள் சமையலறை ஜன்னலைவிட்டு வெளியே வராதது உனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். கடைசி நாள் உன்னோடு பந்தல் வரை நடந்தாளே, "மாப்பிள்ளைய எங்க பொதைச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டு. நீங்கள் இரண்டு பேரும் அங்கே என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது இரண்டு பேர் முகமும் வீங்கியிருந்தது, அதை மட்டும் பார்த்தேன்.

பஸ்ஸில் பாதி வழியில் என்னைத் திட்டினாள், அக்கா. முதல் தடவையாக. "நீங்க என்னக் கேட்டிருக்கணும்ப்பா, கேட்டிருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அந்த மடங்காத விரல்களோடு என் தொடையில் குத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. குத்தட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. இந்தப் பள்ளிக்கூடத்தில் விரலுக்கு என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால், 'நான் ஒரு பிசோத்தே வாலை இழுத்தேன்' என்றே இத்தனை நாளும் சொல்லியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. பரிசுத்த வாரத்துக்கு முன் கடைசி நாளில் ஒரு புதுப்பெண் கேட்டபோது, "எங்க அத்தை என் கையைப் பிடிச்சுக் கொடுத்தாங்க" என்று சொன்னாளாம். சொல்லிவிட்டு, அத்தை கோவிச்சுக்குவாங்களா என்று பஸ்ஸில் கேட்டாள். மாட்டாள் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

தோட்டத்துக்கு இந்த வாரம் யார் யார் வந்தார்கள் என்று எழுதச் சொல்கிறாள். நீ சாப்பாடு வைக்காமலே வந்தவர்களை மட்டும்.

உன் தம்பி,
பெலிசாரியோ

*

எல் ஹிகெரோன்
16 ஏப்ரல் 1989

தம்பி,

மாட்டேன். கேட்கிற எல்லோரிடமும் சொல்லட்டும். பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அவளுக்கு:

திங்கட்கிழமை யாரும் வரவில்லை.

செவ்வாயும் யாரும் வரவில்லை. ஒரு ரீங்காரச் சிட்டு வேலிப் பூவுக்கு வந்ததுபோல இருந்தது, ஆனால் வண்டாகவும் இருக்கலாம். அதனால் எழுதக் கூடாது.

புதன்கிழமை மழையைக் கூப்பிடும் அந்த மண்ணிறக் குருவி கொய்யாவில் உட்கார்ந்து நெடுநேரம் கூப்பிட்டது. மழை வரவில்லை.

வியாழன், நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடிகார வால்காரன் வந்தான். நான் கதவருகே அசையாமல் நின்றேன். கையை நீட்டவில்லை. அவன் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துக் கிளையில் அடித்து அடித்துத் தின்றான். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. பிறகு பறந்து போய்விட்டான்.

அவ்வளவுதான் இந்த வாரம்.

எத்தெல்வினா